சந்தையைவிட ஒன்றரை லட்சம் கம்மி: டோட்டல் லாஸ் கார் வாங்கலாமா?

நாலு வருஷம் ஓடின ஹேட்ச்பேக். ஒரே ஓனர், நாற்பதாயிரம் கிலோமீட்டர், பெயிண்ட் பளபளக்கிறது, விலை மட்டும் அதே மாடல் அதே வருஷத்து வண்டிகளைவிட ஒன்றரை லட்சம் கம்மி. ஏன் என்று கேட்டால் "பார்ட்டி வெளிநாடு போறாங்க சார், அவசரம்" என்பார் புரோக்கர். வெளிநாடு போகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மாதிரி விலையில் வருகிற வண்டிகளில் சில, இதைச் சரிசெய்வதைவிடப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதே மேல் என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒருமுறை கைகழுவினவை. தொழிலில் இதற்கு டோட்டல் லாஸ் வண்டி என்று பேர். அதை யாரோ ஏலத்தில் எடுத்து, டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து மறுபடி சந்தையில் நிறுத்தியிருக்கிறார்.

அப்படிப்பட்ட வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. டோட்டல் லாஸ் என்பது வெறும் கணக்கு. வண்டி செத்துப்போய்விட்டது என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு எவ்வளவு தொகையில் விழுந்தது, எதனால் விழுந்தது என்ற இரண்டும் தெரிந்தால் முடிவெடுக்கலாம். தெரியாவிட்டால், அதைவிட மோசமாகத் தெரியவிடாமல் மறைத்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கார் பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடுபோனாலோ மொத்தமாக அழிந்தாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை அதுதான். வண்டியின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள்: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, அப்புறம் வருஷத்துக்கு ஒரு படியாக 30, 40, 50. ஐந்து வருஷம் தாண்டினால் கம்பெனியும் ஓனரும் பேசி ஒத்துக்கொள்கிற தொகை. ரிப்பேர் செலவும், வண்டியைத் தூக்கி வரும் செலவும் சேர்ந்து இந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ்.

இப்போது இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒன்பது வருஷப் பழைய சின்ன கார், ஐடிவி 1,60,000 ரூபாய். 1,20,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் போட்டாலே கோடு தாண்டிவிடும். முன்பக்கம் சுமாராக ஒரு இடி போதும்: பம்பர், பானட், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஒரு ஃபெண்டர், கம்பெனி சர்வீஸ் சென்டரின் லேபர், ஜிஎஸ்டி. ஏர்பேக் வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம், ஏர்பேக்கோடு டேஷ்போர்டு, சீட் பெல்ட், ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் மாடியூல் என்று எஸ்டிமேட் ஏறிக்கொண்டே போகும். இதே வேலையை நல்ல டிங்கர் ஒருவர் வெளியே, பழைய பார்ட்ஸ் வாங்கிப்போட்டு, கிட்டத்தட்டப் பாதிச் செலவில் முடித்துவிடுவார், சேசிஸில் அடி இல்லாத பட்சத்தில் அந்த வண்டி இன்னும் ஐந்தாறு வருஷம் ஒழுங்காக ஓடவும் செய்யும். இன்னொன்று, ஒன்றரை வருஷம் ஆன எஸ்யூவி, ஐடிவி 14 லட்சம். அது டோட்டல் லாஸ் ஆக வேண்டும் என்றால் பத்தரை லட்சத்துக்கு மேல் சேதம் ஆகியிருக்க வேண்டும். புது வண்டியில் பத்தரை லட்சம் ரூபாய்க்கு என்னென்ன உடைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூரையைத் தாங்கும் பில்லர் வளைந்திருக்கும், சக்கரத்துக்கு மேலே இருக்கும் அப்ரான் உள்ளே போயிருக்கும், இன்ஜின் மவுண்டோடு நகர்ந்திருக்கும், இல்லாவிட்டால் வண்டி முழுக்கத் தண்ணீரில் நின்றிருக்கும். ஆக, பழைய மலிவான வண்டி டோட்டல் லாஸ் ஆனது அவ்வளவு பயப்படுகிற விஷயம் இல்லை. புது விலையுயர்ந்த வண்டி ஆனதுதான் பயப்பட வேண்டியது. சந்தையில் ஜனங்கள் நேர்மாறாக நடந்துகொள்கிறார்கள், "புது வண்டி சார், ஒண்ணரை வருஷம்தான் ஆச்சு" என்றதும் மயங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முத்திரை உண்டு. வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே சால்வேஜ் என்று அடித்துவிடுவார்கள். ரிப்பேர் பார்த்து மாநில அரசின் பரிசோதனையில் தேறினால் ரீபில்ட் என்று மாற்றித் தருவார்கள். கோடு எங்கே என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க்கில் வண்டி மதிப்பில் 75 சதவீதம், ஃபுளோரிடாவில் 80, டெக்சஸில் 100. ஒரே இடி வாங்கின வண்டிக்கு ஒரு மாநிலத்தில் முத்திரை விழும், பக்கத்து மாநிலத்தில் விழாது. இந்த ஓட்டையில் புகுந்து, வெள்ளத்தில் மூழ்கின வண்டிகளை விதி தளர்வான மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான பத்திரம் வாங்கி விற்கிற தொழில் அங்கே உண்டு, 2005 கத்ரீனா புயலுக்கு அப்புறம் அது பெரிய பேச்சானது. அதைத் தடுக்கத்தான் எல்லா மாநிலத்து விவரமும் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் விவரமும் ஒரே இடத்தில் சேரும் தேசியத் தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள், சில டாலர் கட்டினால் யாரும் பார்க்கலாம். ஓட்டை இருந்தாலும், முத்திரை என்ற ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிற நம் பிள்ளைகள் முதல் கார் தேடும்போது இந்த முத்திரை போட்ட வண்டி சந்தை விலையில் 20 முதல் 40 சதவீதம் கம்மியாகக் கண்ணில் படும், குறைந்தபட்சம் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம்.

நம் ஆர்சியில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஓனர் எத்தனையாவது ஆள், இன்சூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா, ஃபிட்னஸ் எதுவரை என்று வரும். இந்த வண்டி ஒருமுறை டோட்டல் லாஸ் ஆச்சு என்று வராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 என்ன சொல்கிறது என்றால், வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாக ஓட்டமுடியாமல் போனாலோ ஓனர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். டோட்டல் லாஸ் எல்லாமே நிரந்தரமாக ஓட்டமுடியாத வண்டி இல்லையே, அங்கேதான் பாதை பிரிகிறது.

கிளெய்ம் நடக்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரியும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கிறார், எஸ்டிமேட் கோட்டைத் தாண்டுகிறது. கம்பெனி அந்த உடைந்த வண்டியை ஆன்லைன் ஏலத்தில் காட்டி விலை கேட்கிறது. ஐடிவி 4 லட்சம் என்று வையுங்கள், உடைந்த வண்டிக்கு ஒருவர் 1,40,000 ரூபாய் கொடுக்கத் தயார். ஓனருக்கு அந்த 1,40,000 ஏலம் எடுத்தவரிடமிருந்தும், மீதி 2,60,000 (கட்டாயக் கழிவு ஆயிரமோ இரண்டாயிரமோ போக) கம்பெனியிடமிருந்தும் வரும். ஆர்சியை ரத்து செய்துவிட்டுக் கொடுக்கும் முறையும் இருக்கிறது, ஆர்சியோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது. ஆர்சியோடு போனால் ஏலத்தில் கூடுதல் விலை, ஏனென்றால் வாங்குகிறவருக்குத் தேவை வெறும் இரும்பு இல்லை, மறுபடி ரோட்டில் ஓடக்கூடிய ஒரு வண்டி.

ஏலம் எடுத்தவர் பெரும்பாலும் தன் பேருக்கு மாற்றிக்கொள்வதில்லை. பழைய ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபார்ம் 29, 30, அதாவது பேர் மாற்றும் படிவங்கள், அவர் கையில் இருக்கும். ரிப்பேர் பார்த்து உங்களுக்கு விற்கும்போது நேராக உங்கள் பேருக்கு மாற்றுவார். அதனால்தான் விளம்பரத்தில் "சிங்கிள் ஓனர்" என்று போட முடிகிறது, ஆப்பிலும் முதல் ஓனர் என்றுதான் காட்டும். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பழைய கார் டீலர்கள் ஆர்டிஓவில் பதிந்து, கைக்கு வந்த வண்டியின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறை. பதிவு பெற்ற டீலரிடம் வாங்கினால் இதில் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. வீட்டு வாசலில் நிறுத்தி விற்கிற ஏஜெண்டிடம் அந்தப் பேச்சே எடுபடாது.

சரி, ஆர்சி சொல்லாததை எது சொல்லும்? பாலிசி பேப்பர் சொல்லும். என்னைக் கேட்டால் பழைய கார் பார்க்கப் போகிறவர் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது கடைசி மூன்று வருஷப் பாலிசிதான். அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. நாலு வருஷம் கிளெய்மே போடவில்லை என்று சொல்கிற ஓனரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்று இருந்தால் கதை வேறு. அதைவிட நல்ல தடயம் ஒன்று இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. டோட்டல் லாஸுக்குப் பணம் கொடுத்ததும் அந்தப் பாலிசி முடிந்துவிடும். ஆகவே, ஒரு பாலிசி அக்டோபர் முதல் அடுத்த செப்டம்பர் வரை என்று இருக்க, அதற்கு அடுத்தது மே மாதத்தில், வேறு கம்பெனியில், போனஸ் பூஜ்யத்தில், அதுவும் தேர்டு பார்ட்டி மட்டும் என்று ஆரம்பித்தால், நடுவில் என்ன நடந்தது என்று விற்பவர் வாயால் சொல்லியாக வேண்டும். ஓனர்கள் சும்மா பாலிசியை நடுவில் விடமாட்டார்கள். "பழைய பாலிசியெல்லாம் எங்க சார் வெச்சிருப்பாங்க" என்று மழுப்பினால், மெயிலில் பிடிஎஃப் இருக்குமே, அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் சாக்கு வந்தால் அதுவே பதில்.

அடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால், ஓனர் சம்மதத்தோடு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பாடி ஷாப் எஸ்டிமேட் போட்டுவிட்டு பில் போடாமல் மூடின ஜாப் கார்டு (வேலை விவரத் தாள்) ஒன்று இருந்தால், எஸ்டிமேட் தொகையைப் பார்த்து ஐடிவியோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு தொகை, எதனால் என்று முன்பு சொன்ன இரண்டு கேள்விக்கும் விடை பெரும்பாலும் அந்த ஒரு தாளிலேயே கிடைக்கும், எந்தெந்தப் பார்ட் மாற்றச் சொன்னார்கள் என்று வரிவரியாக இருக்கும். பொல்யூஷன் சர்டிஃபிகேட் தேதிகளில் பெரிய இடைவெளி, கிலோமீட்டர் எட்டு மாதமாக ஏறாமல் நிற்பது, இவையும் துணைக்கு வரும்.

பேப்பரில் விடை கிடைத்த பிறகுதான் வண்டி. இடி வாங்கின வண்டியில் வெளித்தகடு முக்கியமே இல்லை. பம்பர், கதவு, பானட் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான். பானட்டுக்குள் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே இருக்கும் அப்ரான், கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை உரித்தால் தெரியும் பில்லர், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழி, இந்த மூன்று இடத்திலும் கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். பில்லரில் அந்த வட்டங்கள் காணாமல் பட்டி வழவழவென்று இருந்தால் அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். வெடித்துப்போன ஏர்பேக்குக்குப் பதிலாக வெறும் மூடியை மாட்டி, ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மாடியூலை ஏமாற்றுகிற ஆட்களும் உண்டு. அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், ஸ்டியரிங்குக்குள் எதுவும் இருக்காது. இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஏர்பேக் வெடித்த வண்டி என்று ஜாப் கார்டு சொன்னால், மாற்றியதற்கான பில் வேண்டும், பில் இல்லை என்றால் ஏர்பேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டியைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது: வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூர் வரை ஏறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனபோதும், அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோதும் எத்தனையோ கார்கள் கிளெய்முக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதி திரும்ப ரோட்டுக்கு வந்திருக்கும், இந்த ஊர் வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு ஊரில், வேறு மாநிலத்தில்கூட விலைபோகும். இடி வாங்கின வண்டியில் கெட்டது எது என்று தெரியும், அதை மாற்றலாம். தண்ணீர் அப்படி இல்லை. கார்களில் ஏர்பேக் கண்ட்ரோல் மாடியூல் பெரும்பாலும் நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கும், கார்ப்பெட் மட்டத்துக்கு மேல் கொஞ்சம் ஏறினாலே அது நனையும். வயரிங் கனெக்டருக்குள் போன சேற்றுத் தண்ணீர் செப்பைப் பச்சை பிடிக்க வைத்து, கரையான் அரிக்கிற மாதிரி உள்ளுக்குள்ளேயே வேலை செய்யும். ஆறு மாதம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒருநாள் பவர் ஸ்டியரிங் நிற்கும், இன்னொரு நாள் ஹைவேயில் இன்ஜின் அணையும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எரர் கோடு காட்டும்.

தண்ணீரில் நின்ற இன்ஜினை யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் இன்னும் மோசம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப்போல அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். கொஞ்சமாக வளைந்த ராடோடு இன்ஜின் ஓடும், சத்தம் பிறகு வரும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. முன்சீட்டு பெல்ட்டை இனிமேல் வராது என்கிற வரைக்கும் முழுசாக இழுங்கள். வண்டியை வாட்டர் வாஷ் பண்ணியிருப்பார்கள், சீட் கவர் மாற்றியிருப்பார்கள், கார்ப்பெட்டை வெயிலில் காயவைத்து ஷாம்பு போட்டிருப்பார்கள், ஆனால் பில்லருக்குள் சுருண்டு கிடக்கிற பெல்ட்டின் கடைசி ஓரடியைத் துவைக்க யாருக்கும் தோன்றாது. அங்கே பழுப்பாக ஒரு கோடு, அதற்கு மேல் ஒரு நிறம் கீழ் ஒரு நிறம் என்று இருந்தால் சோதனை முடிந்தது. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஓடுகிற ரெயிலில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் பெயிண்ட் அடிக்காத இரும்புப் பட்டைகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்த தடம், எல்லாவற்றுக்கும் மேலே டேஷ்போர்டில் புதிதாகத் திறந்த சென்ட் பாட்டில். மல்லிகை வாசனை தூக்கலாக அடித்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள், அடியிலிருந்து ஈர வாடை மெல்ல வரும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது வண்டியையே பறித்துவிடும். டோட்டல் லாஸ் வண்டியை ஏலத்தில் எடுக்கிற சிலருக்கு வேண்டியது வண்டி இல்லை, ஆர்சியும் சேசிஸ் நம்பரும்தான். அதே மாடல், அதே கலரில் ஒரு வண்டியைத் திருடி, அதில் இந்த நம்பரைக் குத்தி, சுத்தமான ஆர்சியோடு விற்றுவிடுவார்கள். வட மாநிலங்களில் போலீஸ் இப்படிப்பட்ட கும்பல்களைப் பலமுறை பிடித்திருக்கிறது. இதில் மாட்டுகிறவர் யார் தெரியுமா, இடி வாங்கின அறிகுறியே இல்லாத அருமையான வண்டியைப் பார்த்து மகிழ்ந்தவர்தான். ஜாப் கார்டில் பில்லர் வரை நசுங்கின வண்டி, கண்முன்னே கம்பெனி வெல்டிங்கோடு கன்னி கழியாமல் நிற்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். சேசிஸ் நம்பர் குத்தின இடத்தில் எழுத்துகள் கோணலாக, ஆழம் மாறி மாறி இருக்கிறதா, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடமோ புது பெயிண்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் தேறி, பழைய சின்ன வண்டி, இடி முன்பக்கம் மட்டும், பில் எல்லாம் இருக்கிறது, விற்பவரும் ஒளிக்காமல் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பார்க்க வேண்டியது விலை. நல்ல வண்டி 3 லட்சம் போகும் என்றால் இது 2 லட்சத்துக்குள் வந்தால் மேலே பேசலாம், இரண்டே முக்கால் என்றால் எழுந்துவிடுங்கள், அந்த இருபத்தைந்தாயிரத்துக்கு இந்தத் தலைவலி தகாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே தள்ளுபடியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்காமல் மறைத்து விற்பதாக உத்தேசம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. ஆகவே இரண்டு வருஷத்தில் மாற்றுகிறவருக்கு இது சரிப்படாது. தெரிந்த மெக்கானிக் கையில் இருக்கிறார், ஊருக்குள் ஓட்டத்தான் வேண்டும், ஓடுகிற வரை ஓட்டிவிட்டுக் கடைசியில் பழைய வண்டி உடைக்கிற புதுப்பேட்டைக்குப் போனாலும் பரவாயில்லை என்பவருக்குச் சரிப்படும். குடும்பத்தோடு மாதம் இரண்டு முறை திருநெல்வேலி போய்வருகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு, வண்டி நம்பரும் முந்தைய டோட்டல் லாஸ் விவரமும் போட்டு, ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான கவர்) சேர்த்துப் பாலிசி கொடுப்பீர்களா என்று மெயில் போட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். பழைய கிளெய்மை மறைத்துப் பாலிசி எடுத்தால், நாளைக்கு ஒரு இடி விழும்போது கம்பெனி அதைக் கண்டுபிடித்துக் கையை விரிக்க வழியுண்டு. தேர்டு பார்ட்டி மட்டும்தான் கிடைக்கும் என்று பதில் வந்தால், ஓன் டேமேஜ் இல்லாத வண்டிக்கு என்ன விலை கொடுப்பீர்களோ அந்த விலையை மட்டும் சொல்லுங்கள். முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போகிறது, வண்டியோடு இல்லை. விற்பனை ஒப்பந்தத்தில் "இந்த வண்டி இன்ன வருஷம் முன்பக்க விபத்தில் டோட்டல் லாஸ் ஆனது, வெள்ளத்தில் மூழ்கியதில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்பவர் டீலராக இருந்தால், அந்த வரி பொய் என்று பின்னால் தெரியவரும்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அதுதான் ஆதாரம். பேர் மாற்ற விண்ணப்பிக்க வாங்கியவருக்குச் சட்டம் 30 நாள் தருகிறது, அந்த வேலையை ஏஜெண்டிடம் விட்டுவிட்டு மறந்துபோகாமல், ஆப்பில் உங்கள் பேர் வருகிற வரைக்கும் பத்தாயிரமாவது கையில் நிறுத்தி வையுங்கள்.